ஒன்றுமில்லாத தைலம்

மலையடிவாரத்து வைத்தியசாலையில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊருக்கு இது போதாதா? "மகள் வயசுப் பிள்ளைகிட்ட பாடம் படிக்கப் போயிருக்காராம்" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள்.

குருவின் பெயர் இசக்கியம்மை. சீடரின் பெயர் உலகநாதன். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது.

உலகநாதன் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு தைலத்தோடு வந்தார். அவருடைய தாத்தா காய்ச்சியது, அப்பா காய்ச்சியது, பிறகு இவர் காய்ச்சியது. முடக்கத்தான், நொச்சி, வாதநாராயணன் இலை எல்லாம் இடித்துச் சாறெடுத்து நல்லெண்ணெயில் காய்ச்ச வேண்டும். விரல் கணுக்கள் தேய்ந்து, முண்டும் முடிச்சுமாகி, கட்டைவிரலின் அடியில் ஊசியாய்க் குத்துமே, அந்த வலிக்கு அது கைகண்ட மருந்து என்பது அவர்கள் குடும்பத்தின் பேச்சு. சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. ஆகவே விரல் வலிக்குப் பஞ்சமில்லை. உலகநாதனின் விரல்களும் இஞ்சிக்கிழங்கு போலத்தான் இருந்தன.

இந்த வைத்தியசாலையின் பெயரால் அந்தத் தைலம் வெளியே போக வேண்டும், தாத்தாவின் பெயர் நிலைக்க வேண்டும். இதுதான் அவர் ஆசை. வயதையும் மீசையையும் மறந்து சீடராகச் சேர்ந்தது இதற்காகத்தான்.

ஆனால் இசக்கியம்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்றுமில்லாத பானையோடு போட்டியிட்டு ஜெயிக்காத எந்த மருந்தையும் அவர் வாசல் தாண்ட விடமாட்டார்.

"என் தைலத்தை வெறும் எண்ணெயோட மோதச் சொல்லுதீங்களா?" என்று கேட்டார் உலகநாதன்.

"ஆமா."

"எங்க தாத்தாவுக்கு இது அவமானம்."

"ஜெயிச்சா அவமானம் இல்லையே, அண்ணாச்சி."

வீம்பு இருந்த அளவுக்கு உலகநாதனுக்கு நம்பிக்கையும் இருந்தது. "சரி, ஒரு கை பார்த்துருவோம்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பானைகள் வைக்கப்பட்டன. கிழக்கு மூலையில் ஒன்று, மேற்கு மூலையில் ஒன்று. ஒன்றில் அவருடைய தைலம். மற்றதில் நல்லெண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் கீரைச்சாறு, அவ்வளவுதான். மணம் காட்டிக்கொடுக்காமல் இருக்க இரண்டிலும் வெட்டிவேர் ஊறியது. எது எந்த மூலை என்பது இசக்கியம்மைக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த பெண்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "ஒரு பானையில மருந்து இருக்கு. ஒரு பானையில இல்லை. உங்களுக்கு எது வருதுன்னு உங்களுக்கும் தெரியாது, தடவிவிடுறவங்களுக்கும் தெரியாது. சம்மதம்னா உக்காருங்க." பெரும்பாலோர் உட்கார்ந்தார்கள். சிலர் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பருவம் முழுக்க எதுவும் கொடுக்கப்படவில்லை.

தடவுவதற்கும் ஒரு முறை இருந்தது. கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, துடைத்து, ஒவ்வொரு விரலாக அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நீவ வேண்டும். அவசரமே கூடாது. ஆண்டவன் கொடுத்த பத்து விரலையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பார் குரு. வைத்தியசாலைப் பெண்கள் நீவிவிட, வலியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உலகநாதனின் வேலை.

வலியை அளக்க அந்த ஊரில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது. குளத்தில் இறங்கியவர்களிடம் தண்ணீர் எதுவரை என்று கேட்பதுபோல வலி எதுவரை என்று கேட்பார்கள். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு என்று பதில் வரும். கழுத்தளவு வலி என்றால் பீடி இலையைக் கையில் எடுக்க முடியாது, ராத்திரி தூக்கமும் வராது.

மழைக்கு முன்னால் தொடங்கியது, அறுவடை முடிந்தபோது முடிந்தது. உலகநாதன் தான் கேட்டதையெல்லாம் குருவிடம் ஒப்பித்தார். கிழக்குப் பானைக்காரிகளுக்குக் கழுத்தளவு வலி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. மேற்குப் பானைக்காரிகளுக்கும் அதே இடுப்பளவுதான். வெறுமனே காத்திருந்தவர்களுக்குக்கூட மார்பளவு வரை இறங்கியிருந்தது.

"காத்திருந்தவங்களுக்கு எப்படி இறங்கும்?" என்று கேட்டார் உலகநாதன்.

"முழங்கால் தண்ணியில நிக்கிறவ யாரையாவது கூப்பிடுவாளா? கழுத்துக்கு வந்தபிறகுதான் கூப்பிடுவா. கழுத்துக்கு வந்த தண்ணி தானாகவும் கொஞ்சம் வடியும்."

"மேற்குப் பானையில என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்லை."

உலகநாதனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இந்தப் பொம்பளைங்க பொய் சொல்லுதாங்க. உங்க மனசு நோகக்கூடாதுன்னு இறங்கிருச்சு இறங்கிருச்சுன்னு சொல்லியிருக்காங்க. கணுவெல்லாம் அப்படியே முண்டு முண்டா இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

"உங்க பானைக்காரிகளுக்கும் கணு அப்படியேதான் இருக்கு."

"என் தைலம் வேற."

"வேறயா இருந்தா ஜெயிச்சிருக்குமே."

"அவங்க ஏமாளிங்க. எது கொடுத்தாலும் நம்புவாங்க. நான் நம்பமாட்டேன். அந்த ஒண்ணுமில்லாத பானையை எனக்குக் கொடுங்க. ஒரு சொட்டு வலி குறையுதான்னு பாத்துருவோம்."

இசக்கியம்மை மேற்குப் பானையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இதுல மருந்து இல்லை. நல்லாக் கேட்டுக்கோங்க, இல்லை. உங்க தைலத்தைத் தொடக்கூடாது. மத்தவங்களுக்குச் செஞ்ச மாதிரி, வெந்நீர், விரல் விரலா, அவசரமில்லாம. காலையும் மாலையும்."

"தலைகீழா நின்னாலும் குறையாது."

"நேரா உக்காந்தே தடவுங்க."

அவர் தடவினார். நம்பாமல் தடவினார், திட்டிக்கொண்டே தடவினார். வெந்நீரில் கையை வைக்கும்போது கண்ணை மூடினால் அதுவே தோற்றுப்போனதாகிவிடும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் அந்த விரல்களை யாரும் அப்படித் தனித்தனியாகத் தொட்டதில்லை, அவரே தொட்டதில்லை. மற்றவர்களுக்குத் தைலம் காய்ச்சிய அவசரத்தில், தன் கையில் அதை இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு போவதுதான் அவர் பழக்கம்.

ஒருநாள் காலையில் கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். கல்வம் என்பது மருந்து அரைக்கும் கல். அவருக்கு அது எமன். நாலு இழுப்புக்கு ஒருமுறை குழவியை விட்டுவிட்டுக் கையை உதற வேண்டியிருக்கும். அன்று அரைத்து முடித்து, வழித்து, கல்லையும் கழுவிவைத்த பிறகுதான், நடுவில் ஒருமுறைகூடக் கையை உதறவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாத எண்ணெய்க்கு இந்தத் திமிரா? தாத்தாவும் அப்பாவும் மலை மலையாக அலைந்து இலை பறித்ததெல்லாம் இந்தக் கீரைச்சாறுக்கு முன்னால் சமம்தானா? அவர் கையைப் பார்த்தார். துரோகம் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்று மாலை இசக்கியம்மை கேட்டார். "அண்ணாச்சி, வலி எதுவரை?"

"கழுத்தளவு."

"சரி."

குரு சொன்னது அந்த 'சரி' மட்டும்தான். அடுத்தமுறை கேட்டபோதும் உலகநாதன் கழுத்தளவு என்றார். பொய்க்குத் துணையாகத் தண்ணீர் டம்ளரை வேண்டுமென்றே ஒருமுறை கீழே போட்டார். சட்டைப் பொத்தானைப் போடாமல் திறந்த மார்போடு நடந்தார். வலி இருந்தபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. இல்லாத வலியைச் சுமப்பது அவருக்கு முதுகை உடைத்தது.

அந்த நாட்களில்தான் செய்யதம்மாள் வந்தாள். பீடி சுற்றிப் பிழைப்பவள், மேற்குப் பானைக்காரி. பானைகளின் ரகசியம் மற்றப் பெண்களுக்குச் சொல்லப்பட்டபோது அவள் ஊரில் இல்லை, மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். குரு மலைக்கு மூலிகை பார்க்கப் போயிருந்தார். வாசலில் உலகநாதன் மட்டும் இருந்தார்.

"எண்ணெய் தீந்துபோச்சு. கொஞ்சம் ஊத்துங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

"எந்த எண்ணெய்?"

"அந்த மேக்குப் பானை எண்ணெய்தான். அல்லா புண்ணியத்துல இப்ப ராத்திரி தூங்குதேன். பேத்தியைத் தூக்க முடியுது."

அவருக்குள் புளித்துக்கொண்டிருந்ததெல்லாம் அப்போது பொங்கிவிட்டது.

"அதுல ஒண்ணுமில்லை, தாயி. வெறும் நல்லெண்ணெய். உன்னைச் சும்மா உக்கார வச்சுத் தடவியிருக்கு. நீயும் வலி போச்சு வலி போச்சுன்னு சொல்லியிருக்கே. உனக்கு வலி போகவே இல்லை. போனதா நினைச்சுக்கிட்டே."

செய்யதம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வலி எனக்கா உங்களுக்கா?"

"உனக்கு."

"போனது எனக்குத் தெரியுமா உங்களுக்குத் தெரியுமா?"

"கணு அப்படியே இருக்கே, பார். விவரம் இல்லாதவங்க இப்படித்தான் ஏமாறுவாங்க."

"கணு இருந்துட்டுப் போகட்டும். கணுவா என்னைத் தூங்கவிடாம வச்சுது? வலிதான் வச்சுது. நான் தூங்குனது பொய்னு சொல்ல நீங்க யாரு?"

கேட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நல்ல சூடான கேள்விதான். ஆனால் வாசலில் காத்திருந்த நாலு பேர் காதிலும் விழுந்திருந்தது. பீடிக் கடைவரைக்கும் பேச்சு போனது. "வெறும் எண்ணெயைத் தடவி வலி போச்சுன்னாளாமே" என்று இலை வெட்டும் இடத்தில் சிரித்தார்கள். அவள் வீம்புக்காரிதான், இருந்தாலும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவாள்? கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஏமாளி என்ற சொல் ஒவ்வொரு விரலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிறை பார்த்து அடுத்த பிறை வருவதற்குள் அவள் மறுபடி வைத்தியசாலைக்கு வந்தாள். கையைக் கிண்ணத்தோடு முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"எதுவரை?" என்று கேட்டார் உலகநாதன். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கழுத்துவரை. நீங்க சொன்னது சரிதான் போல. நான் ஏமாந்திருக்கேன்." அவள் குரலில் சூடு இல்லை. "பேத்தியைத் தூக்க பயமா இருக்கு. கை விட்டுரும்."

போட்டியில் தான் ஜெயித்துவிட்டதாக அந்த ஒரு கணம் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இந்தப் பெண்ணின் கையை முறுக்கியது தான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. நேரே உள்ளே போனார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

இசக்கியம்மை வேர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். "கேளுங்க."

"வெளியே செய்யதம்மா உக்காந்திருக்கு. வலி திரும்பிருச்சு. என் வாயாலதான் திரும்பிருச்சு. என் தைலத்தைக் கொடுத்து, இதுதான் நிஜ மருந்துன்னு சொல்லட்டுமா? நம்பிக்கிட்டுத் தடவுனா குறையுமே."

"ஒருதரம் அவளை ஏமாளின்னு சொன்னீங்க. இப்ப ஏமாளியாவே ஆக்கிரலாம்கிறீங்க."

"வேற என்ன செய்ய? உண்மையைச் சொன்னா வலி வருது."

"நீங்க இன்னும் உண்மையைச் சொல்லலையே, அண்ணாச்சி."

இசக்கியம்மை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். கல்வத்தையும் குழவியையும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில், செய்யதம்மாளுக்கு முன்னால் வைத்தார். ஒரு பிடி மிளகை அதில் போட்டார்.

"அரைங்க, அண்ணாச்சி" என்றார்.

உலகநாதன் குருவின் முகத்தைப் பார்த்தார். தினமும் காலையில் கல்வம் நிற்காமல் ஓடிய சத்தம் இந்தச் சுவர்களைத் தாண்டிக் குருவின் காதுக்குப் போயிருக்கும் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அத்தனை நாளும் அவர் கழுத்தளவு என்று சொல்ல, குரு சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தப்பிக்க இன்னும் வழி இருந்தது. நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஐயோ என்று கையை உதறினால் போதும். தாத்தாவின் தைலம் பிழைத்துக்கொள்ளும். குரு நிச்சயம் சரி என்பார், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லமாட்டார். அது அவருக்குத் தெரியும். குழவியைப் பிடித்தார். நாலு இழுப்பு இழுத்தார். நின்றார்.

செய்யதம்மாள் முந்தானைக்குள் இருந்த கையை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

அவர் மறுபடி இழுத்தார். மிளகு உடைந்தது, நொறுங்கியது, பொடியானது. கண்ணில் நீர் வந்தது. மிளகின் காரமும் இருக்கலாம். பொடி மாவானபிறகும் நிறுத்தாமல் அரைத்துக்கொண்டிருந்தார், போதும் என்று குரு சொல்லும்வரை.

"எனக்கு முழங்கால் அளவுதான்" என்றார் செய்யதம்மாளிடம். "ரொம்ப நாளா முழங்கால் அளவுதான். உனக்குக் கொடுத்த அதே பானைதான். ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதான் தடவுனேன். குறையக்கூடாதுன்னு நினைச்சுத்தான் தடவுனேன். குறைஞ்சிருச்சு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு எதுக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

"வீம்பு."

"உங்க வீம்புக்கு என் கைதான் கிடைச்சுதா?"

"தப்புதான். மன்னிச்சுக்கோ, தாயி."

"மன்னிக்கிறது இருக்கட்டும்." அவள் முந்தானையை விலக்கிக் கையை வெளியே எடுத்தாள். கிண்ணத்தை நீட்டினாள். "ஊத்துங்க. பீடிக் கடையில இனி எவளாவது கேட்டா நானே சொல்லுதேன், இது வெறும் எண்ணெய், என் கைக்குக் கேக்குது, உனக்கு என்ன போச்சுன்னு. சிரிச்சா சிரிக்கட்டும். எம் பேத்தியை அவளா வந்து தூக்கப்போறா?"

உலகநாதன் ஊற்றினார். ஊற்றிவிட்டு, வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, வைத்தியசாலைப் பெண்ணை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார். செய்யதம்மாள் கிண்ணத்தோடு எழுந்து போகும்போது நடையில் பழைய சூடு திரும்பியிருந்தது. வலி எதுவரை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் குறைந்தபிறகு அவர் குருவின் முன்னால் வந்து நின்றார். சண்டைக்கு வந்தவர் மாதிரிதான் நின்றார்.

"அம்மா, நாளைக்கு வர்றவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கட்டும்?"

"உள்ளதைச் சொல்லிக் கொடுங்க."

"ஒண்ணுமில்லைன்னா?"

"ஒண்ணுமில்லை. கணு கரையாது. ஆனா தடவுன சில பேருக்கு வலி குறைஞ்சுது, எனக்கும் குறைஞ்சுது. இவ்வளவுதானே உள்ளது?"

"ஊர் சிரிக்கும்."

"உங்களுக்கு அது பழகியிருக்குமே."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எங்க தாத்தா தைலம்?"

"அதையும் கொடுக்கலாம். குறைஞ்சவங்க இருக்காங்களே."

உலகநாதன் நிமிர்ந்தார். "நிஜமாவா?"

"நிஜமா. இதே மாதிரி, வெறும் எண்ணெயைவிட இதுல அதிகமா ஒண்ணுமில்லைன்னு முதல்ல சொல்லிட்டுக் கொடுக்கணும். நாளைக்கே கொடுக்கலாம். சொல்லுவீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மலையில் இலை பறிக்கும் தாத்தாவின் முதுகு கண்ணில் வந்து நின்றது. அந்தச் சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் வராது என்று அவருக்கே தெரிந்தது.

"முடியாது" என்றார். "நீங்க வாசலைக் காட்டிப் போகச் சொன்னாலும் போயிருவேன். எங்க தாத்தா பானையைத் தொட்டு அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன்."

இசக்கியம்மைக்குக் கோபம் வரவில்லை. முதல்முறையாக அந்த மனிதரை அவருக்குப் பிடித்துவிட்டதுபோல் இருந்தது.

"சொல்ல வேணாம், அண்ணாச்சி. எதைப் பத்திச் சொல்ல முடியுமோ அந்தப் பானையை எடுத்துக்கிட்டு வெளியே போங்க. அங்க கையை நீட்டிக்கிட்டு நிக்காங்க."